500 செம்மரக் கன்னு, எல்லாம் ஒரே மரத்து விதை. கரட்டுல நடலாமா?

கரட்டடி:
எல்லாருக்கும் வணக்கம். நான் பள்ளிப்பட்டு பக்கம், கூப்பிடு தூரத்துல ஆந்திரா. எங்க குடும்பத்துக்கு பொதுவுல 6 ஏக்கர் கல்லாங்கரடு இருக்கு, பட்டாதான், கடலை கூட வராது, ஆடு மேயறதுக்கு மட்டும் விட்டு வச்சிருந்தோம். அதை ஒரு காடா மாத்திப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. வெட்டி விக்கிறதுக்கு இல்ல, இதை முதல்லயே சொல்லிடுறேன், இல்லன்னா எல்லாரும் ரேட்டு கேப்பீங்க. எங்க தாத்தா காலத்துல அந்தக் கரட்டுல செம்மரம் இருந்துச்சாம், விறகுக்கு வெட்டி வெட்டி ஒண்ணும் இல்லாம போச்சுன்னு பாட்டி சொல்லும்.

போன தடவை ஒரு நர்சரில 200 கன்னு செம்மரம்னு சொல்லி வாங்கிட்டு வந்து நட்டேன், ஒரு வருசம் தண்ணி ஊத்தி வளத்தப்புறம் பாத்தா முக்காவாசி வேங்கை. அந்த வயித்தெரிச்சல்ல இந்த தடவை நானே விதை போடலாம்னு புத்தூர்ல மாமா வீட்டுக் கொல்லைல இருக்கிற பெரிய செம்மரத்துல மாசில காய் பொறுக்கினேன். தட்டையா குட்டி அப்பளம் மாதிரி இருக்கும், நடுவுல மட்டும் புடைப்பா, அதுக்குள்ளதான் விதை. ரெண்டு கோணி நிறைய வந்துச்சு. ஓரத்து இறக்கையைக் கத்தரியால வெட்டி, சாணித்தண்ணில ஊற வச்சு, காய வச்சு, திரும்ப ஊற வச்சு போட்டதுல 500-க்கு மேல முளைச்சு இப்ப முழங்கால் உயரம் நிக்குது. ஒவ்வொண்ணா எண்ணிப் பாத்து எனக்கு அவ்வளவு சந்தோசம்.

இப்ப சிக்கல் என்னன்னா, காலேஜ்ல பாட்டனி எடுக்கிற ஒரு சார் வந்து பாத்துட்டு, எல்லாம் ஒரே தாய் புள்ளைங்கப்பா, காடுன்னு சொல்லி இதை மட்டும் நட்டா பின்னாடி பிரச்னைன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. என்ன பிரச்னைன்னு விளக்கமா கேக்க எனக்கு அப்ப தோணல. 500 மரம் 500 மரம்தானே? இதுல என்ன தப்பு? நட்டா என்ன ஆகும்? மழைக்கு முன்னாடி குழி எடுக்கணும், யாராவது வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விதைப்பெட்டி:
தம்பி, நான் ஆர்.கே.பேட்டைல 20 வருசமா நாத்துப்பண்ணை வச்சுக்கினு இருக்கேன். முதல்ல ஒரு விசயம், முளைச்சு வந்த கன்னை யாரும் தூக்கிப் போடாதீங்க, செம்மரம் முளைக்க வைக்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல, காய்ல பாதிக்கு மேல பொக்கா இருக்கும். நீ பண்ணது நல்ல வேலை.

வேங்கையைக் கொடுத்து ஏமாத்தினாங்கன்னு சொன்னியே, அது நிறைய நடக்குது. கன்னு கொஞ்சம் வளந்தப்புறம் இலையைப் பாரு, செம்மரம் ஒரு காம்புல மூணு இலை, எப்பவாவது அஞ்சு. வேங்கைன்னா அஞ்சு ஏழுன்னு வரும். பட்டையைக் கீறி சிவப்புப் பால் வருதான்னு பாக்கச் சொல்றாங்க, அதை நம்பாத, வேங்கைக்கும் சிவப்புதான் வரும். பெரிய மரமா இருந்தா செம்மரப் பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமா வெடிச்சிருக்கும், அதைப் பாத்தா சந்தேகமே வராது.

ஒரே மரத்து விதைங்கிறது எல்லா நர்சரிலயும் நடக்கிறதுதான், நானும் உண்மையைச் சொல்றேன், கைக்கு எட்டுற மரத்துல, காய் நிறைய கொட்டுற மரத்துலதான் பொறுக்குவோம். நல்லாத்தானே வளருது. மரத்துக்குப் போயி சொந்தம் பந்தம்லாம் பாக்கணுமான்னு எனக்கும் கேள்விதான். தெரிஞ்சவங்க சொல்லட்டும், நானும் கேட்டுக்கிறேன்.

மலைச்சாரல்:
நான் திருப்பதில மரங்களோட பாப்புலேஷன் ஜெனிடிக்ஸ்ல, அதாவது ஒரு கூட்டத்துல ஜீன் தலைமுறை தலைமுறையா எப்படி மாறுதுங்கிறதுல ஆராய்ச்சி பண்றேன், சொந்த ஊர் நகரி. தம்பி கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

விதைப்பெட்டி அண்ணா, மரத்துக்கு சொந்தம் பந்தம் இருக்குண்ணா, நம்மளை விட அதிகமாவே இருக்கு. நம்ம பக்கம் அக்கா பொண்ணைக் கட்டுற வழக்கம் இருக்கு இல்லையா, அதுல பிறக்கிற குழந்தைக்கு அப்பா வழியா வந்த ஜீனும் அம்மா வழியா வந்த ஜீனும் ஒரே மூதாதைகிட்ட இருந்து வந்த அதே காப்பியா இருக்க எட்டுல ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு தாய்மரத்துக்கு வேற வேற அப்பாங்க மூலமா பிறந்த ரெண்டு கன்னு வளந்து, அதுக்குள்ள மகரந்தம் மாறி விதை வந்தா அங்கயும் கணக்கு அதே எட்டுல ஒண்ணுதான். அதாவது இந்த 500 மட்டும் அந்தக் கரட்டுல நின்னா, அடுத்த தலைமுறைல அங்க விழுற ஒவ்வொரு விதையும் மாமனுக்கும் அக்கா பொண்ணுக்கும் பிறந்த குழந்தை மாதிரி. அதுக்கும் அடுத்த தலைமுறைல இன்னும் நெருக்கம். வெளில இருந்து மகரந்தம் வராத வரைக்கும் அது கூடிக்கிட்டே போகும், குறையாது.

இப்ப நடுற கன்னு நல்லாத்தான் வளரும், அதுல ஒண்ணும் தெரியாது. அண்ணா சொன்ன "நல்லாத்தானே வளருது" அதனாலதான். பிரச்னை அதுங்க பூத்து காய்ச்சப்புறம் காய்ல தெரியும். பொக்குக்காய் கூடும், முளைப்பு குறையும், முளைச்சதும் சோனியா நிக்கும், ஒரு வறட்சி வந்தா முதல்ல அதுங்கதான் போகும். எல்லா உயிர்லயும் மறைஞ்சு கிடக்கிற கெட்ட ஜீன் கொஞ்சம் உண்டு, ஒரு காப்பி மட்டும் இருந்தா வெளில தெரியாது, சொந்தத்துலயே கலந்தா ரெண்டு காப்பியும் ஒண்ணு சேர்ந்துடும்.

அடுத்து எண்ணிக்கை. சீவால் ரைட்னு ஒரு மரபியல் அறிஞர் 1931-ல ஒரு கருத்தைக் கொண்டு வந்தாரு, கண்ணால எண்ணுற எண்ணிக்கை வேற, மரபு கணக்குல நிக்கிற எண்ணிக்கை வேறன்னு. ரெண்டாவதுக்கு எஃபெக்டிவ் பாப்புலேஷன் சைஸ்னு பேர், நாம செயல்படும் எண்ணிக்கைன்னு வச்சுக்கலாம், அதாவது ஜீன் கணக்குல இது சொந்தமே இல்லாத எத்தனை மரத்துக்குச் சமம்ங்கிறது. ஒரே தாய்மரத்துல, சொந்தம் இல்லாத பல அப்பாங்க மூலமா வந்த 500 கன்னுக்கு இந்த எண்ணிக்கை எவ்வளவு தெரியுமா? 4. ஆயிரம் கன்னு போட்டாலும் 4, பத்தாயிரம் போட்டாலும் 4-ஐத் தாண்டாது. அதே 500-ஐ சொந்தம் இல்லாத 25 தாய்மரத்துல இருந்து மரத்துக்கு 20 கன்னுன்னு எடுத்திருந்தா 85-க்கு மேல வந்திருக்கும். குழி அதேதான் தம்பி, தண்ணியும் கூலியும் அதேதான், மாறுறது நீங்க எத்தனை மரத்தடில குனிஞ்சு பொறுக்கினீங்கங்கிறது மட்டும்தான். நர்சரிக்காரங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இதைச் சொல்லணும்னு எனக்கு எத்தனையோ நாள் தோணியிருக்கு.

இன்னொரு கேள்வி, இது அவசரம். அந்தக் கொல்லை மரத்துக்கு அப்பா யாரு? செம்மரத்துக்கு சித்திரை வைகாசில மஞ்சள் பூ, தேனீதான் மகரந்தம் கொண்டு போகுது. தேனீ பறக்கிற தூரத்துல வேற செம்மரம் இருக்கா? ஒத்தை மரமா இருந்தா வந்த காய்ல தன் மகரந்தத்துலயே பிடிச்சது நிறைய இருக்கலாம், அப்படின்னா மேல சொன்ன 4 கூட இல்ல, இன்னும் கம்மி. பாத்துட்டு வந்து சொல்லுங்க.

தோப்புக்காரன்:
நான் சித்தூர் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கேன். மேடம் சொல்றதைப் படிச்சேன், மறுத்துப் பேசணும்னு இல்ல, புரியாம கேக்கிறேன். எங்க தோப்புல நிக்கிற தோத்தாபுரி எல்லாமே ஒட்டுக்கன்னு, யோசிச்சுப் பாத்தா அத்தனையும் ஒரே மரம்தான், ஜீன் கணக்குல செயல்படும் எண்ணிக்கை 1-னு கூட சொல்லலாம். ஆனா வருசா வருசம் காய்க்குது, ஜூஸ் ஃபேக்டரிக்கு லாரி லாரியா போகுது. அப்ப செம்மரத்துலயும் நல்ல நேரா வளந்த, வைரம் பாஞ்ச ஒரு மரத்தைப் பாத்து டிஷ்யூ கல்ச்சர்லயோ குச்சி வச்சோ பெருக்கி நட்டா என்ன? எதுக்கு 25 மரம் தேடி அலையணும்?

மலைச்சாரல்:
தோப்புக்காரன் அண்ணா கேட்டது சரியான இடம். தோப்பு வேற, காடு வேற, அதுதான் பதில். தோத்தாபுரிக்கு அடுத்த தலைமுறை வேணும்னா நீங்க ஒட்டு கட்டுறீங்க, பூச்சி வந்தா மருந்தடிக்கிறீங்க, தண்ணி இல்லன்னா டேங்கர் விடுறீங்க. மரம் தன் விதையால தன்னைப் பெருக்கிக்க வேண்டிய அவசியமே இல்ல, அந்த வேலை பூரா உங்க தலைல. நீங்க நாளைக்கே பட்டா நிலத்துல வியாபாரத்துக்கு செம்மரம் போடுறீங்கன்னா நல்ல மரத்தோட குளோன், அதாவது அதே ஜீன் இருக்கிற நகல் கன்னு போடுங்க, நான் குறை சொல்ல மாட்டேன், அதுலயும் ஒரே குளோனா இல்லாம ஏழெட்டு குளோன் கலந்து போடுங்க, ஒரு நோய் வந்து மொத்தமா போயிடக் கூடாது.

கரட்டுல தம்பி நடுறது அப்படி இல்ல. அவர் போனப்புறமும் அந்த மரம் தானா காய்ச்சு, காத்துல காய் பறந்து விழுந்து, தானா முளைச்சு, எந்த வருசம் என்ன வறட்சி வருதோ அதைத் தாங்கி நிக்கணும். அதுக்கு விதைக்குள்ள பல தினுசு இருந்தாத்தான் ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு பொழைக்கும். பரிணாமத்துக்கு கையில இருக்கிற முதல் அந்த வேறுபாடுதான்.

செம்மரத்துக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்னா, உலகத்துலயே இது இயற்கையா வளர்றது நம்ம கிழக்குத் தொடர்ச்சி மலையோட தென்பகுதில மட்டும்தான். சேசாசலம், வெலிகொண்டா, பாலகொண்டா, லங்கமல, நல்லமலைல ஒரு பகுதி, தமிழ்நாட்டுப் பக்கம் கொஞ்சம். வேற நாட்டுல காட்டு மரமா கிடையாது. அருகிப்போற உயிர்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தோட ரெண்டாவது பட்டியல்ல 1995-ல இருந்து இருக்கு. எந்த உயிர் எவ்வளவு ஆபத்துல இருக்குன்னு கணக்கு பாக்கிற ஐயூசிஎன் அமைப்போட பட்டியல்ல அழியும் நிலைன்னு இருந்ததை 2018-ல கொஞ்சம் தளர்த்தினாங்க, அப்புறம் திரும்ப அழியும் நிலைக்கே கொண்டு வந்துட்டாங்க. கடத்தல்ல போறது எந்த மரம்னு யோசிங்க, கன்னு போகாது, வைரம் பாஞ்ச பெரிய மரம்தான் போகும். காய் நிறைய போடுறது அதுதான். காட்டுல எண்ணினா ஆயிரக்கணக்குல மரம் இருக்கலாம், ஆனா பூத்து காய்ச்சு அடுத்த தலைமுறைக்கு ஜீன் கொடுக்கிற மரம் அதுல எத்தனைங்கிறதுதான் கணக்கு. இந்த மரத்துக்காக நம்ம பக்கத்து ஜனங்க எத்தனை பேர் போயிட்டாங்க, 2015 ஏப்ரல்ல சேசாசலத்துல போலீஸ் சுட்டு ஒரே நாள்ல 20 பேர், அவங்களும் கூலிக்குப் போன ஏழைங்க. அதை நினைக்காம என்னால இந்த மரத்தைப் பத்தி எழுதவே முடியறதில்ல.

கூம்புமரம்:
மலைச்சாரல் அக்கா சொன்ன கணக்குக்கு இன்னொரு உதாரணம் சொல்றேன், நான் சந்திரகிரிக்காரன், மலை ஏறுறதுதான் பொழுதுபோக்கு. அதே திருமலைக் காட்டுல சைக்கஸ் பெட்டோமின்னு ஒண்ணு இருக்கு, குட்டையா தென்னங்கன்னு மாதிரி, பாறைக்கு நடுவுல நிக்கும், உலகத்துல திருப்பதி கடப்பா மலைங்களை விட்டா வேற எங்கயும் இயற்கையா இல்ல. சைட்டிஸ்ல முதல் பட்டியல், அதுதான் ரொம்ப கடுமையானது. அதுல ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி. நாட்டு மருந்துக் கடைல மதனகாமப்பூன்னு விக்கிறாங்க பாருங்க, அது பூ கிடையாது, சைக்கஸ் இனத்தோட ஆண் கூம்பு. இந்த மலைலயும் ஆண் கூம்பை வெட்டிட்டுப் போறது உண்டு. வெட்டினவங்க நினைக்கிறது செடி அப்படியே நிக்குதே, நாம என்ன அழிச்சோம்னு. ஆனா அந்த வருசத்துக்கு மகரந்தம் போச்சே.

100 செடில 90 பெண், 10 ஆண் மட்டும் கூம்பு விட்டுச்சுன்னா செயல்படும் எண்ணிக்கை 100 இல்ல, 36. நாலு பெருக்கல் ஆண் பெருக்கல் பெண், அதை மொத்தத்தால வகுக்கணும், யார் வேணா போட்டுப் பாக்கலாம். ஒரு தடவை வெயில்ல ஏறிப் போயி ஒரு பெண் செடில விதைக் கொத்தைத் தொட்டுப் பாத்தேன், ஓரம் பூரா பழுப்பு வெல்வெட்டு மாதிரி இருந்துச்சு, விதைங்க பாதிக்கு மேல அமுக்கினா உள்ள போகுது, வெத்துக் கூடு. சுத்திப் பாத்தேன், கண்ணுக்கு எட்டுற வரைக்கும் ஒரு ஆண் கூம்பு இல்ல. அன்னைக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

கரட்டடி:
எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு சொல்லித் தருவீங்கன்னு நினைக்கல. நேத்து புத்தூர் போயிட்டு வந்தேன். அக்கா கேட்டபடி சுத்திப் பாத்தேன், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வயக்காட்டு வரப்புல 11 செம்மரம் இருக்கு, மாமா கொல்லைல இருந்து அரை கிலோமீட்டர் கூட இருக்காது, தேனீ கண்டிப்பா போகும். ஆனா விசாரிச்சா மாமாவும் அவரும் ஒரே வருசம் ஒரே பண்ணைல வாங்கின கன்னாம். அப்ப அந்த 11-ம் மாமா மரமும் அண்ணன் தம்பியா கூட இருக்கலாம்தானே? எனக்கு தலை சுத்துது. இந்த 500-ஐ என்ன பண்றது, தூக்கிப் போட மனசே வரல. 25 மரத்துக்கு நான் எங்க போவேன், காட்டுக்குள்ள போயி பொறுக்கினா கேஸ் போட்டுடுவாங்க.

மலைச்சாரல்:
தூக்கிப் போடாதீங்க தம்பி, ஒண்ணு கூட போடாதீங்க. அண்ணன் தம்பியா இருக்கலாம்னு நீங்களே பிடிச்சீங்க பாருங்க, அதுதான் சரியான சந்தேகம், நிறைய ஊர்ல செம்மரம் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கு. அதனால இந்த 500-ஐ ஒரே குடும்பம்னு எடுத்துக்கோங்க, அதுல திடமான 40, 50 கன்னு மட்டும் கரட்டுல வைங்க. மீதியை மத்தவங்களுக்குக் கொடுத்து மாத்து வாங்குங்க, அவங்க இடத்துல உங்க குடும்பம் புதுசு, உங்க இடத்துல அவங்க குடும்பம் புதுசு. ஒரே வருசத்துல 6 ஏக்கரும் நிரப்பணும்னு அவசரம் வேண்டாம், நாலஞ்சு வருசம் எடுத்துக்கோங்க, ஒவ்வொரு வருசமும் வேற வேற தாய்மரம்.

காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போகவே கூடாது. ரெண்டு மாநில வனத்துறை நர்சரிலயும் செம்மரக் கன்னு கொடுக்கிறாங்க, வாங்கும்போது எந்த மலை விதை, எத்தனை மரத்துல எடுத்ததுன்னு கேளுங்க. நாலு பேர் கேட்டாத்தான் எழுதி வைக்கிற பழக்கம் வரும். கோயில், ஸ்கூல், பழைய தோட்டம்னு தனித்தனியா நிக்கிற மரங்கள்ல உடமைக்காரங்களைக் கேட்டுப் பொறுக்கலாம். மரத்துக்கு மரம் குறைஞ்சது 100 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், பக்கத்துப் பக்கத்துல நிக்கிறது தாயும் புள்ளையுமா இருக்கும். வெட்டின அடிக்கட்டைல இருந்து மூணு நாலா கிளம்பி நிக்கும் பாருங்க, அது நாலு மரம் இல்ல, ஒண்ணுதான், எண்ணும்போது ஏமாந்துடாதீங்க. ஒரு மரத்துல காய் கொட்டுதுன்னு அதுலயே அள்ளாதீங்க, கம்மியா காய்ச்ச மரத்துலயும் அதே அளவு எடுங்க. நடும்போது ஒரே தாயோட கன்னுங்களை வரிசையா வைக்காம கலைச்சு நடுங்க.

மூத்த ஆராய்ச்சியாளர் ஃபிராங்க்ளின் 1980-ல சொன்ன ஒரு கணக்கு இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு, கிட்டத்துல கெடுதல் வராம இருக்க 50, நெடுங்காலத்துக்கு 500, ரெண்டுமே செயல்படும் எண்ணிக்கை. 2022-ல உலக நாடுகள் சேர்ந்து போட்ட பல்லுயிர் உடன்பாட்டுல கூட இந்த 500-ஐத்தான் ஒரு அளவுகோலா வச்சிருக்காங்க. உங்க கரடு 500-க்கு எட்டாது, எட்டணும்னு இல்ல. 50-ஐத் தாண்ட வச்சீங்கன்னா அது ஒரு விதைக்காடு, அங்க பொறுக்கி அடுத்த ஊர்க்காரங்களுக்கு தைரியமா கொடுக்கலாம்.

பட்டா நிலம்தான்னாலும் நட்டதை வனத்துறைல பதிவு பண்ணிடுங்க, நாளைக்கு காஞ்ச மரத்தை வெட்டணும்னாலும் நகர்த்தணும்னாலும் அனுமதி கேப்பாங்க.

விதைப்பெட்டி:
அம்மா மலைச்சாரல், நீங்க அந்த 4-னு சொன்னதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் வரல. எத்தனை ஊருக்கு எத்தனை ஆயிரம் கன்னு கொடுத்திருப்பேன், எல்லாம் எங்க பண்ணை வாசல்ல நிக்கிற ரெண்டு மரத்து விதை. யாரும் இத்தனை வருசத்துல எங்கிட்ட சொல்லலம்மா. எங்க அம்மா பொங்கல் முடிஞ்சதும் கேழ்வரகு வெதையை நாலு வீட்டுல மாத்திக்கினு வரும், ஒரே வெதையைப் போட்டுக்கினே இருந்தா நிலம் சலிச்சிடும்னு சொல்லும். அதைப் பாத்து வளந்தவன் நான், மரத்துக்கு அதைப் பண்ணாம விட்டுட்டேன்.

தம்பி கரட்டடி, உன் கன்னுல 150-ஐ எங்கிட்ட கொண்டாந்து கொடு. எங்கிட்ட திருத்தணில ஒரு மரம், சோளிங்கர் பக்கம் ஒரு மரம்னு ரெண்டு தனி விதைல வந்த கன்னு கொஞ்சம் இருக்குது, தட்டு தனியாத்தான் வச்சிருக்கேன், அதுல 30, 30 எடுத்துக்கோ, காசு வேணாம். வர மாசில ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தலாம், எங்கிட்ட வண்டி இருக்குது. இனிமே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கோணி, கோணிக்கு ஒரு நம்பர், நோட்டுல எந்த ஊர் எந்த மரம்னு எழுதி, பாக்கெட்டுலயும் அந்த நம்பரைப் போடலாம்னு இருக்கேன். பாக்கெட்டு மேல எழுதினா வெயில்ல மை அழிஞ்சுடுது, அதுக்கு யாராவது வழி சொல்லுங்க.

தோப்புக்காரன்:
அண்ணா, ஒட்டுக்கன்னுக்கு நாங்க பண்றது, பழைய கூல்டிரிங்ஸ் டின்னைக் கத்தரிச்சு துண்டு போட்டு, ஆணியால நம்பரைக் குத்தி, கம்பில கட்டித் தொங்க விட்டுடுவோம். அஞ்சு வருசம் ஆனாலும் படிக்கலாம். கம்பியைத் தண்டுல இறுக்கிக் கட்டாதீங்க, மரம் பருத்தா வெட்டும், பக்கத்துல ஒரு குச்சி நட்டு அதுல கட்டுங்க. எங்க தோப்பு வேலில ஒரு செம்மரம் இருக்கு, எங்க அப்பா மதனப்பள்ளில இருந்து கொண்டு வந்து வச்சது, அதுலயும் வந்து பொறுக்கிக்கோங்க.

கரட்டடி:
விதைப்பெட்டி அண்ணா, ஞாயித்துக்கிழமை 150 கன்னோட வர்றேன். தோப்புக்காரன் அண்ணா, உங்க மரத்தையும் சேர்த்து எண்ணினா இப்ப கைல 4 தாய். குழி 60 மட்டும் இந்த மழைக்கு எடுக்கச் சொல்லிட்டேன், மீதி இடத்தை அப்படியே விட்டு வைக்கிறேன்.